முள்வேலிக்குள் ஓர் ஓவியர்: கொரியாவின் சுசா



கொரிய அரண்மனைத் தொடர்களை நம் வளாகத்தில் பலர் விடிய விடியப் பார்க்கிறீர்கள் என்று தெரியும். அடுத்த முறை பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். அறிஞர் ஒருவரின் அறையில் காட்சி நடந்தால், கதையைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பின்னால் தொங்கும் ஓவியத்தைப் பாருங்கள். பல நேரம் அதில் வண்ணமே இருக்காது. வெள்ளைக் காகிதம், கறுப்பு மை, நாலைந்து இலைகள், ஓரத்தில் சில வரி எழுத்து, சிவப்பு முத்திரை. அவ்வளவுதான். ஓவியர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாரோ என்றுகூடத் தோன்றும்.

அந்த நாலைந்து இலைகளுக்காகவே வாழ்நாளைக் கொடுத்த ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப்போகிறேன். பெயர் கிம் ஜொங்-ஹி. கொரியர்கள் அவரைச் சுசா என்ற புனைபெயரால்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். புனைபெயர் என்றால் ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கும் மேல் வைத்துக்கொண்டவர். நாம் சுசா என்றே அழைப்போம்.

அவர் கதைக்குப் போகும் முன் அந்தச் செடிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பிளம், ஆர்க்கிட், செவ்வந்தி, மூங்கில் ஆகிய நான்கையும் கொரியர்கள் சாகுன்ஜா என்று சேர்த்துச் சொல்வார்கள். நம் சொல்லில் நான்கு சான்றோர் எனலாம். சீனாவில் பிறந்து கொரியாவுக்கு வந்த கருத்து இது. பிளம் பனி கரையும் முன்பே பூக்கும். ஆர்க்கிட் ஆள் நடமாட்டமில்லாத பள்ளத்தாக்கில் யாரும் பார்க்காவிட்டாலும் மணக்கும். மற்றப் பூக்கள் ஓய்ந்தபின் உறைபனியில் செவ்வந்தி நிற்கும். மூங்கில் வளையும், ஒடியாது. குளிரிலும் பச்சை மாறாது. செடியை வரைவது என்பது அந்தக் குணத்தை வரைவது. அதனால்தான் ஜோசோன் அரசின் ஓவியத் துறைக்கு ஆள் எடுக்கும் தேர்வில் மூங்கிலுக்கு முதலிடம், மலையும் ஆறும் கொண்ட இயற்கைக் காட்சிக்கு இரண்டாமிடம், மனித உருவத்துக்கு அதற்கும் கீழே. இன்றும் கொரியாவின் ஐம்பதாயிரம் வொன் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பழைய பிளம் கிளையும் காற்றில் ஆடும் மூங்கிலும் இருக்கும்.

இங்கே ஆர்க்கிட் என்றதும் பூங்கொத்துக் கடையின் ஊதாப் பூவை நினைக்க வேண்டாம். கொரியர்கள் வரையும் ஆர்க்கிட் ஏறக்குறைய புல் மாதிரி. நீண்டு மெலிந்த இலைகள், நடுவே சாதாரணமான சின்னப் பூ. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, வாசனைதான் எல்லாம். வாசனையை எப்படி வரைவது என்பதுதான் கேள்வி.

சுசா பிறந்தது 1786இல், கொரியாவின் மேற்குப் பகுதியில் உள்ள யேசானில். சாதாரணக் குடும்பமல்ல. கொள்ளுப்பாட்டி அரசர் யோங்ஜோவின் மகள். ஆண் வாரிசில்லாத பெரியப்பாவுக்குத் தத்துப் பிள்ளையாகப் போனவர் என்பதால் குடும்பத்தின் மூத்த கிளைக்கே இவர்தான் உரிமையாளர். வசந்தம் தொடங்கும் நாளில் வாசற்கதவில் நல்வாக்கு எழுதி ஒட்டுவது கொரிய வழக்கம். சிறுவன் சுசா எழுதி ஒட்டியதைப் பார்த்து, அந்தக் குடும்பத்தோடு ஆகாத அணியைச் சேர்ந்த சே ஜே-கொங் என்ற பெரிய அமைச்சரே உள்ளே வந்துவிட்டாராம். பையன் எழுத்தில் பெரும் பெயர் எடுப்பான், ஆனால் அதே எழுத்தால் வாழ்க்கை கஷ்டப்படும், தூரிகையைப் பிடிக்க விடாதீர்கள் என்று தந்தையை எச்சரித்ததாகக் கதை. பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு யாரோ முன்னால் சேர்த்த கதையாகவும் இருக்கலாம். பெரியவர்களின் வாழ்க்கையில் இப்படி ஒரு தீர்க்கதரிசி எப்போதும் சரியான நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார்.

எச்சரிக்கையை யாரும் கேட்கவில்லை. பார்க் ஜே-கா என்ற அறிஞர் ஆசிரியராக அமைந்தார். சீனாவுக்குப் பலமுறை போய்வந்தவர். வண்டி, செங்கல், வாணிபம் என்று அங்கே நல்லதாக எது இருந்தாலும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வாதாடியவர். அந்த ஆர்வம் மாணவரைத் தொற்றிக்கொண்டது. 1809இல் தந்தை கிம் நோ-கியோங் துணைத் தூதராகப் பெய்ஜிங் போனபோது மகனும் ஒட்டிக்கொண்டார். வயது இருபத்து நான்கு. அங்கே எழுபதைத் தாண்டிய வெங் ஃபாங்காங், புகழின் உச்சியில் இருந்த ருவான் யுவான் என்ற இரண்டு பேரறிஞர்களைச் சந்தித்தார். பழைய கல்வெட்டுகள், அவற்றின் மைப்படிகள், அரிய நூல்கள் என்று அவர்கள் காட்டியதைப் பார்த்து மலைத்துப்போனார். தங்கியது இரண்டு மாதம் போல. அதன் பிறகு அவர் பெய்ஜிங்கை மறுபடி பார்க்கவே இல்லை. ஆனால் ருவான் யுவான் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்து வான்டாங் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார். அந்த இருவரோடும் அவர்கள் பிள்ளைகளோடும் கடிதத் தொடர்பு பல்லாண்டு நீடித்தது. ஆண்டுக்கு ஓரிரு முறை தூதுக்குழு போகும்போது மட்டுமே தபால் போகும் காலம் அது.

கல்வெட்டுப் பித்து அவரை விடவில்லை. சியோலுக்குப் பக்கத்தில் புகான்சான் மலை உச்சியில் ஒரு கல் நின்றிருந்தது. யாரோ துறவி நட்டது என்றே ஊர் நம்பியது. 1816இல் சுசா ஏறிப் போய்ப் பாசியைத் துடைத்து மைப்படி எடுத்தார். அடுத்த ஆண்டு நண்பர் ஜோ இன்-யோங்குடன் மறுபடி ஏறி அறுபத்தெட்டு எழுத்துகளைப் படித்தார். அது ஆறாம் நூற்றாண்டின் சில்லா அரசர் ஜின்ஹுங் தன் எல்லையைப் பார்வையிட்டு நட்ட கல் என்று தெரியவந்தது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்ற கல்லுக்குச் சொந்தக்காரர் யாரென்று கண்டுபிடித்தவர், அதைத் தான் படித்த செய்தியையும் கல்லின் பக்கவாட்டில் வெட்டிவைத்துவிட்டு வந்தார். இன்று யாராவது செய்தால் தொல்லியல் துறை வழக்குப் போடும்! கல் இப்போது கொரிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1819இல் உயர் தேர்வில் வென்று அரசுப் பணியில் சேர்ந்தார். 1826இல் மாறுவேடத்தில் ஊர் ஊராகப் போய் அதிகாரிகளின் ஊழலைப் பிடிக்கும் ரகசிய ஆய்வாளர் வேலை. தொடர் பார்ப்பவர்களுக்கு இந்தப் பதவி நன்றாகத் தெரிந்திருக்கும். அப்போது கிம் வூ-மியோங் என்ற அதிகாரியின் வேலை போனது. சில ஆண்டுகள் கழித்துச் சுசா குடும்பத்தின் மேல் அரசவையில் குற்றச்சாட்டு எழுந்தபோது முன்னால் நின்றவர் இதே கிம் வூ-மியோங்தான். 1830இல் யுன் சாங்-தோ என்பவர் எழுதிய ஒரு மனு அரசவையில் பெரும் புயலைக் கிளப்பியது. அந்த அலையில் சுசாவின் தந்தை தீவாந்தரம் அனுப்பப்பட்டுப் பிறகு மன்னிக்கப்பட்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1840இல், ஆண்டோங் கிம் குடும்பத்தார் ஆட்சியில் அதே கோப்பை மறுபடி திறந்தார்கள். தந்தை இறந்துவிட்டார். மகன் இருந்தார். அந்த மனுவின் மூலப்படியைத் தயாரித்ததே சுசாதான் என்று ஒரு வாக்குமூலம் கிடைத்தது.

அந்த ஆண்டுதான் அவரைப் பெய்ஜிங் தூதுக்குழுவின் துணைத் தூதராக நியமித்திருந்தார்கள். முப்பது ஆண்டுக் கனவு. பயணத்துக்குப் பதில் கைது, அடி, விசாரணை. தலை தப்பியதற்குக் காரணம், மலை உச்சியில் கூட இருந்து எழுத்துப் படித்த அந்த ஜோ இன்-யோங். அப்போது அமைச்சராக இருந்த அவர் மன்றாடியதால் மரண தண்டனை தீவாந்தரமாகக் குறைந்தது.

அனுப்பிய இடம் ஜேஜு தீவு. இன்று தேனிலவுக்குப் போகிறார்கள். அன்று அரசு ஒருவரை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம். அதிலும் தீவின் தென்மேற்கு மூலையில் காற்று ஓயாத தேஜொங். தண்டனையிலும் கடுமையான வகை: குடியிருக்கும் வீட்டைச் சுற்றி முள் எலுமிச்சைச் செடியால் வேலி. கைதி அதற்குள்ளேயே இருக்க வேண்டும். சுசாவுக்கு வயது ஐம்பத்தைந்து. எட்டு ஆண்டுக்கும் மேல் அப்படி இருந்தார்.

போகிற வழியில் ஹேனாமில் உள்ள தேஹுங்சா கோவிலில் துறவி சோயீயைப் பார்க்கத் தங்கினார். கொரியத் தேநீரின் குரு என்று சொல்லப்படும் சோயீ இவருடைய சம வயது நண்பர். கோவிலில் யி குவாங்-சா என்ற முந்தைய தலைமுறைக்காரர் எழுதிய பெயர்ப்பலகை தொங்கியது. கைதியாகப் போகிற நிலையிலும் சுசாவுக்கு அது பொறுக்கவில்லை. கழற்றச் சொல்லி, தான் எழுதியதை மாட்டச் சொன்னாராம். எட்டு ஆண்டு கழித்துத் திரும்பும்போது பழையதைத் தேடி எடுத்து மறுபடி மாட்டச் சொன்னாராம். கோவிலில் இந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள். உண்மையோ இல்லையோ, போனவரும் திரும்பியவரும் ஒரே ஆள் இல்லை என்பதைக் கொரியர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

முள்வேலிக்குள் அவர் என்ன செய்தார்? முதலில் புகார் செய்தார். மனைவிக்கு அவர் கொரிய எழுத்தில் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. மற்ற அறிஞர்களுக்குச் சீன எழுத்தில் இலக்கியமும் கல்வெட்டும் எழுதியவர், மனைவிக்கு எழுதுவது சாப்பாடும் துணியும். அனுப்பிய கிம்சி வந்து சேரும்போது கெட்டுவிட்டது, இன்ன பதார்த்தம் அனுப்பு, பருவத்துக்கேற்ற உடை இன்னும் வரவில்லை. கப்பல் வர மாதக்கணக்காகும் என்று தெரிந்தும் இப்படித்தான். படிக்கும்போது கோபம்தான் வரும். மனைவியோ நீண்ட நாளாக நோயாளி. 1842 இறுதியில் அவர் இறந்தார். செய்தி ஜேஜுவுக்கு வந்து சேரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் இறந்த மனைவிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்து இன்னொரு கடிதம் எழுதி அனுப்பியிருந்தார்.

அதற்குப் பின் எழுதிய இரங்கல் கவிதையில், கணவன் மனைவியை இணைத்துவைக்கும் தெய்வத்திடம் அவர் வழக்குத் தொடுக்கிறார். அடுத்த பிறவியில் எங்கள் இடத்தை மாற்றிவிடு, நான் சாகிறேன், அவள் ஆயிரம் காதத்துக்கு அப்பால் உயிரோடு இருக்கட்டும், அப்போதுதான் என் வலி அவளுக்குத் தெரியும் என்கிற பொருளில் போகிறது அது. கொரியாவில் இதைப் பெரிதாகப் போற்றுவார்கள். அருமையான கவிதைதான். ஆனால் அதிலும் அவர் வலிதான் முன்னால் நிற்கிறது என்று என் வீட்டில் சொன்னார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சோயீ கடல் தாண்டி வந்து பல மாதம் கூடவே தங்கித் தேற்றினார். அவர் ஊர் திரும்பியதும் சுசாவின் கடிதங்கள் பழையபடி தொடங்கின. உங்கள் முகமும் வேண்டாம், கடிதமும் வேண்டாம், தேயிலை மட்டும் பாக்கியோடு சேர்த்து அனுப்புங்கள் என்ற தொனியில் ஒரு துறவிக்கு எழுதும் உரிமை அவருக்கு இருந்தது.

ஜேஜுவில் அவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. நார்சிசஸ் பூவை அவர் உயிராய் மதித்தவர். கொரியப் பெருநிலத்தில் அது சீனாவிலிருந்து வரும் விலை உயர்ந்த செடி. ஒருமுறை தந்தையிடமிருந்து கிடைத்த கிழங்கைப் பழைய பச்சைப் பீங்கான் சட்டியில் வைத்து, அறிஞர் ஜோங் யாக்-யோங்குக்கு அன்பளிப்பாக அனுப்பியவர். ஜேஜுவிலோ அது வயலெங்கும் களை! வசந்தத்தில் வெள்ளை மேகம் தரையில் படிந்த மாதிரி பூத்துக் கிடக்கும். விவசாயிகள் திட்டிக்கொண்டே பிடுங்கி எறிவார்கள். மாடும் குதிரையும் மிதிக்கும். இடம் தவறிப் பிறந்தால் இதுதான் கதி என்று அவர் நண்பருக்கு எழுதி வருந்தினார். யாரைப் பற்றி எழுதுகிறார் என்று நண்பருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

பின்பு வேலையில் இறங்கினார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். பழைய கல்வெட்டுகளின் முரட்டு எழுத்தைத் தன் தூரிகைக்குக் கொண்டுவந்தார். தடித்தும் மெலிந்தும், கோணியும் முறைத்தும் நிற்கும் அந்த எழுத்து முறைக்கு இன்று சுசா பாணி என்றே பெயர். வாழ்நாளில் பத்து மைக்கற்களை ஓட்டை விழும்வரை தேய்த்ததாகவும், ஆயிரம் தூரிகைகளை மொட்டையாக்கியதாகவும் பிற்காலத்தில் நண்பருக்கு எழுதியிருக்கிறார். உள்ளூர்ப் பையன்களுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார். ஹோ ரியோன் என்ற ஓவிய மாணவர் கடல் ஆபத்தைப் பார்க்காமல் மூன்று முறை வந்து போனார்.

இனி 1844க்கு வாருங்கள். யி சாங்-ஜோக் என்ற மாணவர் தொழிலால் சீன மொழிபெயர்ப்பாளர். அறிஞர் குலமல்ல, நடுத்தர வகுப்பு. தூதுக்குழுவோடு பெய்ஜிங் போகும்போதெல்லாம் ஆசிரியருக்குப் பிடித்த நூல்களைத் தேடிப் பிடித்து வாங்கி ஜேஜுவுக்கு அனுப்பினார். ஒரு தடவை அனுப்பியது நூற்றிருபது பாகங்கள் கொண்ட தொகுப்பு. நினைத்துப் பாருங்கள்: பெய்ஜிங்கிலிருந்து சியோலுக்கு மாதக்கணக்கில் வண்டியில், அங்கிருந்து தென்கரைக்கு, அங்கிருந்து கப்பலில். அந்தக் காலத்தில் அத்தகைய நூலை அதிகாரத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் பதவி கிடைக்கும். இவர் கொடுத்தது அரசு ஒதுக்கிவைத்த கைதிக்கு. அவரோடு தொடர்பு வைத்தாலே ஆபத்து.

திருப்பிக் கொடுக்கச் சுசாவிடம் எதுவும் இல்லை. துண்டுக் காகிதங்களை ஒட்டி அதில் ஒரு படம் வரைந்தார். செஹாண்டோ என்று பெயர். ஆண்டின் குளிரைக் காட்டும் படம் என்று பொருள். உயரம் ஓர் அடிக்கும் குறைவு, அகலம் இரண்டேகால் அடி. நடுவே ஒரு வெற்று வீடு, அதில் ஒரு வட்டத் துவாரம். வீட்டின் கோடுகளை அளந்து பார்த்தால் கணக்கு இடிக்கும். எந்தக் கட்டடப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார். வலப்பக்கம் வயதான பைன் மரம் ஒன்று, பாதி பட்டுப்போனது. அதைத் தாங்கிப் பிடிப்பது போல் பக்கத்தில் நிமிர்ந்த இளைய பைன். இடப்பக்கம் இன்னும் இரண்டு ஊசியிலை மரங்கள். மனிதர் இல்லை, மலை இல்லை, பனிகூட வரையப்படவில்லை. தூரிகையில் ஏறக்குறைய மையே இல்லாமல் காகிதத்தைச் சுரண்டிச் சுரண்டி வரைந்தது. வெறும் காகிதத்தைப் பார்த்தாலே குளிர்கிறது.

எல்லா மரமும் பச்சையாக இருக்கும்போது பைன் மரம் கண்ணில் படாது, ஆண்டின் குளிர் வந்து மற்றவை உதிர்ந்த பிறகுதான் அது பச்சையாக நிற்பது தெரியும் என்பது கன்பூசியஸ் வழிவந்த கருத்து. சுசா அதைப் படத்தின் பக்கத்தில் விரிவாக எழுதி, நான் நல்ல நிலையில் இருந்தபோதும் நீ இப்படித்தான் இருந்தாய், இப்போதும் அப்படியே இருக்கிறாய் என்று யி சாங்-ஜோக்குக்குச் சொன்னார். கீழ் மூலையில் ஒரு முத்திரை. ஒருவரை ஒருவர் நெடுங்காலம் மறக்கக் கூடாது என்ற பொருள் தரும் நான்கு எழுத்து.

மாணவர் அந்தப் படத்தை அடுத்த பயணத்தில் பெய்ஜிங்குக்கே எடுத்துப்போனார். அங்கே பதினாறு சீன அறிஞர்கள் பார்த்துவிட்டு, தங்கள் பாராட்டைத் தனித்தனியாக எழுதித் தந்தார்கள். எல்லாவற்றையும் படத்தோடு சேர்த்து ஒட்டினார். கைதியாகத் தீவில் கிடந்தவரின் படம் அவர் போக முடியாத ஊருக்குப் போய்த் திரும்பியது. பிற்காலத்தில் கொரியர் நால்வர் எழுதியதையும் சேர்த்து இன்று அந்தச் சுருள் பதினான்கு மீட்டருக்கும் மேல் நீளம்.

அந்தச் சுருளின் பிற்கால வாழ்க்கையையும் சொல்லியாக வேண்டும். கைமாறிக் கைமாறி, கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தபோது ஃபுஜித்சுகா சிகாஷி என்ற ஜப்பானியப் பேராசிரியரிடம் வந்தது. சுசாவை ஆராய்வதையே வாழ்க்கையாகக் கொண்ட நேர்மையான அறிஞர். போர் முற்றியபோது அதை எடுத்துக்கொண்டு டோக்கியோ திரும்பினார். 1944இல் சோன் ஜே-ஹியோங் என்ற கொரிய எழுத்துக் கலைஞர், குண்டு விழும் டோக்கியோவுக்குப் போய் அவர் வீட்டுக்கு நாள்தோறும் நடந்தார். நோயில் படுத்திருந்த பேராசிரியரிடம் தினமும் அதே வேண்டுகோள்: படத்தைக் கொடுங்கள். பல வாரம் மறுத்தவர் கடைசியில் பணமே வாங்காமல் கொடுத்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் டோக்கியோ எரிந்தபோது ஃபுஜித்சுகா சேர்த்துவைத்ததில் பெரும்பகுதி சாம்பல். மீட்டு வந்த சோன் ஜே-ஹியோங் பின்னாளில் அரசியலில் இறங்கிப் பணமுடையில் அதை அடகு வைத்து, மீட்க முடியாமல் இழந்தார் என்பது தனிச் சோகம். கடைசி உரிமையாளர் சோன் சாங்-குன் 2020இல் அதைக் கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். ஃபுஜித்சுகாவின் மகனும், தீயில் தப்பிய தந்தையின் சேகரிப்பை 2006இல் கொரியாவின் குவாச்சொன் நகருக்கே தந்தார். தேஜொங்கில் சுசாவுக்காக 2010இல் திறந்த நினைவு அருங்காட்சியகம், படத்தில் உள்ள அந்த வெற்று வீட்டைப் போலவே கட்டப்பட்டது. இவ்வளவு செலவழித்து உருளைக்கிழங்குக் கிடங்கா கட்டினீர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் கிண்டலடித்தார்களாம்.

சுசா 1848 இறுதியில் விடுதலையாகி அடுத்த ஆண்டு தீவை விட்டார். நிம்மதி இரண்டரை ஆண்டுதான். 1851இல் அரச குடும்பச் சடங்கு ஒன்றைப் பற்றிய தகராறில் நண்பர் குவோன் தோன்-இன் சிக்க, இவரும் சேர்ந்து மாட்டினார். இந்த முறை தென்கோடி அல்ல, வடக்கே புக்சொங். அறுபத்தாறு வயது. அது ஓராண்டில் முடிந்தது.

அப்போது கூடவே தண்டனை பெற்ற இருவரைக் கவனியுங்கள். ஒருவர் முத்திரை செதுக்கும் ஓ கியு-இல். மற்றவர் பிளம் ஓவியத்தில் பெரும் பெயர் எடுத்த ஜோ ஹி-ரியோங். சுசாவின் ஆள் என்று சொல்லியே ஜோ ஹி-ரியோங்கை ஒரு தீவுக்கு அனுப்பினார்கள். ஆனால் சுசா அவரைப் பற்றி என்ன நினைத்தார் தெரியுமா? ஆர்க்கிட் வரையக் கற்ற தன் மகன் சாங்-ஊவுக்கு எழுதிய கடிதத்தில் ஜோ ஹி-ரியோங்கைப் பெயர் சொல்லியே மட்டம் தட்டியிருக்கிறார். அவர் மாதிரி ஆட்கள் என்னிடம் ஆர்க்கிட் கற்றும் வெறும் ஓவியரின் கைத்திறனைத் தாண்டவில்லை, உள்ளத்தில் எழுத்தின் வீச்சு இல்லை என்பது அவர் தீர்ப்பு. சுசாவைப் பொறுத்தவரை ஆர்க்கிட் வரைவது படம் போடுவதல்ல, எழுதுவது. நிறையப் படித்து, அந்தப் படிப்பின் மணம் கைக்கு வந்தால்தான் இலை இலையாக இருக்கும். ஜோ ஹி-ரியோங்கோ கை தேர்ந்தால் போதும், படம் படமாகவே அழகு என்று நினைத்தவர். அவருடைய பிளம் மரங்களில் பூ வாரி இறைத்துக் கிடக்கும். எனக்கு அவையும் பிடிக்கும். மேல்குலத்தார் நடுத்தர வகுப்பாரைப் பார்க்கும் பார்வை அந்தக் கடிதத்தில் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்தக் கடிதம் இருப்பது தெரியாமலே ஜோ ஹி-ரியோங் அவருக்காகத் தீவில் கிடந்தாரா, தெரிந்தும் கிடந்தாரா என்று பலமுறை யோசித்ததுண்டு.

ஆர்க்கிட் எழுதுவது எப்படி என்கிறீர்களா? மையை நீர் விட்டுக் கல்லில் அரைக்க வேண்டும். காகிதம் மையை உடனே குடித்துவிடும், அழிக்க முடியாது. முதல் இலை ஒரே வீச்சு. ஆனால் வீசும்போதே தூரிகையை அழுத்தி, தூக்கி, மறுபடி அழுத்தி மூன்று முறை திருப்ப வேண்டும். அழுத்திய இடம் கும்பிடுபூச்சியின் வயிறு மாதிரி புடைக்கும், முனை எலிவால் மாதிரி முடியும். இரண்டாம் இலை முதல் இலையைக் குறுக்கே வெட்டும். நடுவில் உருவாகும் இடைவெளிக்குப் பீனிக்ஸ் பறவையின் கண் என்று பெயர். மூன்றாம் இலை அந்தக் கண்ணை உடைத்துக்கொண்டு போகும். பிறகு வெளிர் மையில் பூ, கரு மையில் பூவின் நடுவே புள்ளிகள். ஐந்து நிமிட வேலை. முப்பது ஆண்டுப் பயிற்சி வேண்டும். சுசாவிடம் இதைக் கற்றவர்களில் ஒருவர் அரச குடும்பத்து இளைஞர் யி ஹா-உங். அவர்தான் பின்னாளில் மகன் கோஜோங் அரியணை ஏறியதும் தேவொங்குன் என்ற பட்டத்தோடு நாட்டையே ஆண்டவர். அவருடைய ஆர்க்கிட்களைச் சுசா மனம் திறந்து புகழ்ந்தார்.

கடைசி நான்கு ஆண்டுகள் குவாச்சொனில், தந்தை கட்டிய வீட்டில் கழிந்தன. அங்கே ஒருநாள் ஓர் ஆர்க்கிட் வந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டு ஆர்க்கிட் வரையாமல் இருந்து, தற்செயலாகத் தூரிகை எடுத்தபோது வந்த படம் என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். மேலே கற்றுக்கொடுத்த விதி எதுவும் அதில் இல்லை. இலைகள் காற்றில் அடிபட்டு எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன, முறிகின்றன, ஒன்று மட்டும் எதிர்த்துத் திரும்புகிறது. பூ ஒன்று. மீதி இடம் முழுக்க எழுத்து. விமலகீர்த்தியின் மௌனம் அந்த எழுத்தில் வருகிறது. வைசாலி நகரத்து இல்லறத்தார் என்று பௌத்த நூல் சொல்லும் அந்த விமலகீர்த்தி, இருமையற்ற நிலை எது என்று கேட்டபோது ஒன்றும் பேசாமல் இருந்தாராம். இந்தப் படம் அந்த மௌனம் மாதிரி என்கிறார் சுசா. படத்தை முதலில் வரைந்தது வீட்டு வேலைக்கு இருந்த தால்-ஜுன் என்ற பையனுக்காக. ஆனால் தண்டனை முடிந்து வந்த முத்திரைக்காரர் ஓ கியு-இல் பார்த்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டார். அது வேடிக்கை என்றும் சுசா அதே படத்தில் குறித்துவைத்தார். தால்-ஜுனுக்கு வேறொன்று வரைந்து கொடுத்தாரா என்று படத்தில் எழுதவில்லை.

1856 அக்டோபரில், கொரியக் கணக்கில் எழுபத்தொன்றாம் வயதில் சுசா இறந்தார். அதற்கு மூன்று நாள் முன்பு பொங்உன்சா கோவிலில் சூத்திரப் பலகைகளை அடுக்கிவைக்கக் கட்டிய மண்டபத்துக்குப் பெயர்ப்பலகை கேட்டார்கள். பான்ஜோன் என்று இரண்டே எழுத்து. எழுத்துப் பழகும் பிள்ளை எழுதிய மாதிரி பெரிதாக, தடித்து, எந்த வித்தையும் இல்லாமல் இருக்கிறது. பக்கத்தில் சின்னதாக, எழுபத்தொன்று வயதில் நோயில் எழுதியது என்ற குறிப்பு. கோவில் இன்று சியோலின் காங்னாம் பகுதியில், கோஎக்ஸ் வணிக வளாகத்துக்கு எதிரே இருக்கிறது. கொரியா போகிறவர்கள் ஷாப்பிங்குக்கு எப்படியும் அங்கே போவீர்கள். சாலையைக் கடந்து உள்ளே போய்ப் பான்ஜோன் எங்கே என்று கேளுங்கள். அந்தப் பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது.